‘வட்டம்’ என்ற சொல்லின் பொருளையும் பிறப்பையும் தேடுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று அறிவது ஒரு வேலை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அறிவது இன்னொரு வேலை. சொல்லாராய்ச்சியில் புதிதாக இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் பார்த்து, முதல் வாரத்திலேயே தடுமாறிவிடுகிறார்கள். சொல்லைக் கண்டவுடன் ‘இது தமிழா, வடமொழியா’ என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு உரிய இடம் கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உள்ளன. அவற்றை ஒழுங்காகச் செய்தால், கடைசிக் கேள்விக்கு விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், சொல்லைப் பற்றிய தெளிவு உங்கள் கையில் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த ‘வட்டம்’ என்ற சொல்லையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். எளிய சொல்லாகத் தோன்றினாலும், இதன் பிறப்பைப் பற்றி அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் நிலவுவதால், பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் அரிது.

முதல் படி: சொல்லைப் பொருளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன் ஒரு நாணயத்தை எடுத்து மேசைமேல் படுக்க வையுங்கள். அதன் விளிம்பு காட்டும் வடிவத்தை வட்டம் என்கிறோம். அதே நாணயத்தை விளிம்பில் நிறுத்தி ஓடவிட்டால், வட்டம் என்ற சொல் பின்னால் போய், உருள்கிறது, உருட்டினேன் என்ற சொற்கள் வாயில் வருகின்றன. இப்போது ஒரு கோலிக்குண்டை அதன் அருகில் வையுங்கள். அதை யாரும் வட்டம் என்று சொல்வதில்லை, அது உருண்டை. ஒரு வளையலை வைத்தால் அது வளையம். ஒரு மெழுகுவர்த்தியை வைத்தால், பள்ளிக் கணக்கில் அதன் வடிவத்துக்குப் பெயர் உருளை. எல்லாமே ஏதோ ஒரு வகையில் உருட்சி உடையவைதான். ஆனால் தமிழ் அவற்றை ஒரே சொல்லால் அழைப்பதில்லை.

இந்த ஐந்து நிமிடச் சோதனையில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. உருண்டை என்பது பொருளின் திரட்சியைச் சொல்கிறது; வளையம் என்பது நடுவில் வெற்றிடம் இருப்பதைச் சொல்கிறது; வட்டம் என்பது புறக்கோட்டைச் சொல்கிறது. அதனால்தான் ‘வட்ட முகம்’ என்றும் ‘உருண்டை முகம்’ என்றும் இரண்டையும் சொல்ல முடிகிறது. அவை இரண்டும் ஒன்றல்ல. வட்ட முகம் என்னும்போது முன்னிருந்து பார்க்கையில் தெரியும் எல்லைக்கோடு நினைவில் நிற்கிறது. உருண்டை முகம் என்னும்போது கன்னங்களின் சதைப்பற்று நினைவில் நிற்கிறது. இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இரு சொற்களை வைத்து, எந்த இடத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட முடியவில்லை என்று பார்ப்பதே பொருளை அறிவதற்குக் கைகண்ட வழி.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்: வட்டம் என்பது கோடா, கோட்டுக்குள் அடங்கிய பரப்பா? ‘வட்டம் போடு’ என்றால் கோடு. ‘வட்டத்துக்குச் சிவப்பு பூசு’ என்றால் பரப்பு. பேச்சில் இரண்டும் கலந்தே வழங்குகின்றன. பழைய கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் வரும் ஒரு விதி இதற்கு அருமையான சான்று: “வட்டத் தரைகொண்டு விட்டத் தரைதாக்கச் சட்டெனத் தோன்றும் குழி.” வட்டத்தில் அரையை எடுத்து, விட்டத்தில் அரையால் பெருக்கினால், பரப்பு கிடைத்துவிடும் என்பது இதன் பொருள். விட்டம் 14, சுற்றளவு 44 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவில் பாதி 22, விட்டத்தில் பாதி 7, பெருக்கினால் 154. இன்றைய வாய்பாட்டைப் பயன்படுத்தினாலும் அதே 154தான் வரும். இந்த விதியில் ‘வட்டம்’ என்று குறிக்கப்படுவது வடிவமும் அன்று, பரப்பும் அன்று, சுற்றளவு. பரப்புக்குக் ‘குழி’ என்ற வேறு சொல் தரப்பட்டுள்ளது. இதைக் கவனிக்காமல் படித்தால் கணக்கே தவறாகிவிடும்.

இரண்டாம் படி: வழக்குகளைத் திரட்டி, கிளை பிரியுங்கள்

ஒரு வாரம் கையில் குறிப்பேடு வைத்துக்கொண்டு, நீங்கள் படிக்கிற, கேட்கிற இடங்களில் எல்லாம் இந்தச் சொல் எப்படி வருகிறது என்று முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். தனிச்சொல்லாக எழுதினால் பிறகு பயன்படாது. பருந்து வட்டமிடுகிறது, நிலவைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது, அவர் வாசகர் வட்டத்தில் பேசினார், வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கினேன், வட்டார வழக்கில் எழுதப்பட்ட கதை. இவ்வளவும் சில நாட்களில் கிடைத்துவிடும்.

பிறகு இவற்றைக் கிளைகளாகப் பிரிக்க வேண்டும். வடிவத்தை நேராகக் குறிப்பவை ஒரு கிளை. வட்டமிடுதல் போல இயக்கத்தைக் குறிப்பவை இன்னொரு கிளை. ஓர் எல்லைக்கு உட்பட்ட நிலப்பகுதியைக் குறிக்கும் வட்டம், வட்டாரம் ஆகியவை மூன்றாவது கிளை. ஒன்றுகூடும் மனிதர்களைக் குறிக்கும் நண்பர் வட்டம், வாசகர் வட்டம் போன்றவை நான்காவது. நிர்வாக எல்லையாகிய ஒரு வட்டத்தின் நிலப்படத்தைப் பார்த்தால் அது எந்தக் கோணத்திலும் வட்டமாக இருக்காது. ஆனாலும் ‘சுற்றி வளைத்த எல்லை’ என்ற கருத்து சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வடிவம் போய்விட்டாலும் சுற்றெல்லை என்ற கருத்து நிலைத்திருப்பதைக் கண்டுகொண்டால், இந்தச் சொல்லின் உயிர் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

1930 முதல் 1932 வரை லண்டனில் மூன்று முறை கூடிய வட்டமேசை மாநாட்டின் பெயரைப் போன்றவற்றைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அவை வேறு மொழித் தொடரைத் தமிழில் பெயர்த்தவை. தமிழ்ச் சொல்லின் இயல்பான வளர்ச்சிக்கு அவற்றைச் சான்றாகக் காட்டக் கூடாது.

மூன்றாம் படி: பழைய நூல்களில் சொல்லை நேரில் காணுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அகராதி தரும் மேற்கோளை அப்படியே எடுத்தெழுதாமல், பாடல் முழுவதையும் உரையோடு படிக்க வேண்டும்.

வட்டம் என்ற சொல்லுக்கு மிக நெருங்கிய உறவாகத் தோன்றுவது ‘வட்டு’. திருக்குறளின் 401ஆம் குறள், “அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்” என்கிறது. நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது, கட்டம் வரையாமல் வட்டாடுவதைப் போன்றது என்பது கருத்து. இங்கே வட்டு என்றால் என்ன? பரிமேலழகர் ‘உண்டை உருட்டல்’ என்று உரை எழுதி, அதற்குச் சான்றாக நற்றிணையின் மூன்றாம் பாடலிலிருந்து இரண்டு வரிகளைக் காட்டுகிறார்: “கட்டளை யன்ன வட்டரங் கிழைத்துக் கல்லாச் சிறாஅர் நெல்லிவட் டாடும்.”

அந்தப் பாடலைத் திறந்து பாருங்கள். பொரிந்த அடிமரத்தை உடைய வேம்பு ஒன்று. அதன் இலைகளுக்கிடையே வெயில் விழுவதால் நிழல் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. அந்த நிழலில், பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லைப் போன்ற அரங்கை மண்ணில் வரைந்து, வேறு தொழில் கல்லாத சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாக வைத்து விளையாடுகிறார்கள். புதியவர்கள் இங்கே ‘வட்டரங்கு’ என்பதை வட்டமான அரங்கு என்று படித்துவிடுவது வழக்கம். அது தவறு. வட்டு ஆடுவதற்கான அரங்கு என்றுதான் பிரிக்க வேண்டும். குறளில் வரும் ‘அரங்கின்றி வட்டாடி’ என்ற தொடர் அதை உறுதிசெய்கிறது. அரங்கின் வடிவத்தைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியும் இந்த வரியில் இருக்கிறது. எனக்கு இதுவே மிக முக்கியமானதாகப் படுகிறது. நெல்லிக்காய் தட்டையான பொருள் அன்று, உருண்டையானது. ஆகவே பழந்தமிழில் வட்டு என்ற சொல் உருண்டைப் பொருளையும் குறித்தது. இன்றைக்கோ குறுவட்டு, வன்வட்டு என்று தட்டையான தகட்டுக்கே அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். முதல் படியில் நாணயத்தையும் கோலிக்குண்டையும் வைத்து நாம் கண்டுகொண்ட வேறுபாட்டை, அந்தக் காலத்து வட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. இன்றைய பொருளைப் பழைய பாட்டின்மேல் ஏற்றிவிடாமல் காப்பது இத்தகைய நேர்ப்படிப்புதான்.

ஐங்குறுநூற்றின் 47ஆம் பாடலில் ‘அகன்பெரு வட்டி’ என்று ஒரு பாத்திரம் வருகிறது. பாண்மகள் கெடிற்று மீனைக் கொட்டுகிறாள். மனைவி அந்த வட்டி நிறையப் பயறு அளித்து அனுப்புகிறாள். இந்த வட்டி கடனுக்குச் செலுத்தும் வட்டி அன்று. அகன்ற வாயை உடைய கூடை. வட்டில் என்ற பாத்திரப் பெயரும் இதன் அருகில் வைக்கத்தக்கது. வட்டு, வட்டி, வட்டில் ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நான்காம் படி: ஒலி ஒத்தவற்றை எல்லாம் உறவு என்று நம்பாதீர்கள்

கடனுக்குரிய வட்டியை ‘சுற்றிச் சுற்றி வருவதால் வட்டி’ என்று விளக்குவதைப் பலர் கேட்டிருப்பீர்கள். கேட்பதற்குச் சுவையாக இருந்தாலும் அதற்குச் சான்று இல்லை. பொருளைப் பார்த்தால் அது பெருக்கம், வளர்ச்சி என்ற கருத்தோடு ஒட்டியது. வடமொழி விருத்தி என்ற சொல்லின் பிராகிருத வடிவத்தோடு அதை இணைத்துக் காண்பதே பொருந்துகிறது. பிராகிருதம் என்பது வடமொழிக்கு இனமான பழைய பேச்சு மொழிகளின் பொதுப்பெயர். ஆகவே கூடையைக் குறிக்கும் வட்டியும் கடனுக்குரிய வட்டியும் ஒரே எழுத்துகளால் ஆன இரு வேறு சொற்கள்.

இதேபோல் ‘கோள்’ என்பதையும் ‘கோளம்’ என்பதையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். கோள்கள் எல்லாம் உருண்டையாக இருப்பதால் இந்தக் குழப்பம் இன்னும் வலுக்கிறது. கோள் என்பது ‘கொள்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. பற்றிக்கொள்வது என்பது அதன் கருத்து. கோளம் என்பது வடமொழியில் பந்தைக் குறிக்கும் ‘கோல’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘குண்டு’ என்பதும் இப்படித்தான் ஏமாற்றும். இன்று அது உருண்டையையும் பருமனையும் குறிக்கிறது. பழைய நூல்களில் வரும் ‘குண்டு’ ஆழத்தைக் குறிக்கும். குண்டு அகழி என்றால் ஆழமான அகழியே தவிர உருண்டையான அகழி அன்று.

ஐந்தாம் படி: அகராதிகளை அவற்றின் இயல்பறிந்து பயன்படுத்துங்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலிருந்து தொடங்கலாம். 1939இல் அதற்குப் பின்னிணைப்பும் வந்தது. இணையத்தில் இலவசமாகவே தேடலாம். சொல்லுக்கு அடுத்து இடப்படும் கோணக்குறிக்குப் பின் வருவது அதைத் தொகுத்தவர்கள் கருதிய மூலம். வட்டம் என்பதற்கு அவர்கள் காட்டுவது வடமொழி வ்ருத்த என்ற வடிவம். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு கருத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி 1961இலும் அதன் திருத்திய பதிப்பு 1984இலும் வெளிவந்தன. திராவிட மொழிகளில் உள்ள இனச்சொற்களை ஒரே பதிவில் நிரைப்படுத்தித் தருவதால், வளை, உருள் போன்ற சொற்களின் உறவை ஒரு பார்வையில் காணலாம். இந்தோ-ஆரியத்திலிருந்து வந்தவை என்று அவர்கள் முடிவு செய்த சொற்களைப் பெரும்பாலும் உள்ளே சேர்க்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தேட வேண்டும். தமிழ் வேரையே மூலமாகக் காணும் மறுபக்கத்தை அறிவதற்குத் தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் தொகுதிகளைப் பாருங்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டு எழுதுவது, வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவதற்குச் சமம்.

ஆறாம் படி: இரு வழிகளையும் கணு கணுவாக எழுதுங்கள்

இப்போதுதான் பிறப்பைப் பற்றிய கேள்விக்கு வருகிறோம். ஒவ்வொரு வழியையும் ஒரு மூங்கிலைப் போல எண்ணி, எந்தக் கணுவில் சான்று இருக்கிறது, எந்தக் கணுவில் இல்லை என்று பாருங்கள்.

முதல் வழி: வடமொழியில் திரும்புதல், சுழலுதல் என்ற பொருள் உடைய ஒரு வேர் உண்டு. அதிலிருந்து ‘வ்ருத்த’ என்ற சொல் பிறக்கிறது. திரும்பியது, உருண்டது என்று பொருள். பிராகிருதத்திலும் பாலியிலும் அது ‘வட்ட’ என்று ஆகிறது. இந்த மாற்றம் தற்செயலானது அன்று. மண்ணைக் குறிக்கும் ‘ம்ருத்திகா’ என்ற சொல்லும் இதே முறையில் மாறி, இந்தியில் ‘மிட்டி’ என்று வழங்குகிறது. பாலி மொழியில் ‘வட்ட’ என்பது பிறவிச் சுழலையும் குறிக்கும். இதே மூலச்சொல் பிராகிருதத்தின் வழியாக வராமல் நேராகத் தமிழுக்கு வந்தபோது ‘விருத்தம்’ ஆயிற்று. ஆசிரிய விருத்தம் என்று பா வகையின் பெயரில் நாம் வழங்குவது அதுதான். ஆவர்த்தனம், பரிவர்த்தனை ஆகிய சொற்களுக்குள்ளும் அந்தச் சுழலும் வேரே இருக்கிறது. இந்த வழியில் ஒவ்வொரு கணுவுக்கும் எழுத்துச் சான்று இருக்கிறது என்பது இதன் வலிமை.

இரண்டாம் வழி: வளைதல் கருத்துடைய ‘வள்’ என்ற வேரிலிருந்து வட்டு பிறந்து, அதிலிருந்து வட்டம் ஆயிற்று என்பது பாவாணர் போன்றோரின் கருத்து. தமிழில் ளகர ஈறு டகர இரட்டிப்பாக மாறுவது மிக இயல்பானது. உருள் என்பது உருட்டு ஆகிறது. சுருள் என்பது சுருட்டு ஆகிறது. திரள் என்பது திரட்டு ஆகிறது. புரள் என்பது புரட்டு ஆகிறது. இவற்றில் முதல் மூன்றும் உருண்டு திரளும் கருத்துடைய சொற்களாகவே இருப்பதை ஒரு கணம் நின்று கவனியுங்கள். அந்த வரிசையில் வள், வட்டு என்ற இணையும் தடையின்றி அமர்கிறது. வளை, வளையம், வளாகம் முதலியவை அந்த வேரின் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் உருள், சுருள் என்பவை தனி வினைகளாக இன்றும் வாழ்கின்றன. ‘வள்’ என்பதோ வளைதல் பொருளில் தனி வினையாக நடமாடவில்லை, ‘வளை’ என்ற விரிந்த வடிவில்தான் நடமாடுகிறது. இந்த வழியின் தளர்ந்த கணு அது.

தமிழின் உறவு மொழிகளைக் கொண்டு இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியுமா என்று பார்ப்பது அடுத்த வேலை. தமிழின் சொல்முதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரமாக (b ஒலியாக) மாறும். வாய் என்பது அங்கே பாயி, வளை என்பது பளெ. அதே முறையில் வட்டில் என்பதற்கு இணையாகக் கன்னடத்தில் பட்டலு என்ற சொல் கிண்ணத்தைக் குறிக்கிறது. இதைக் கண்டவுடன் ‘திராவிடச் சொல்தான்’ என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். வடமொழி ‘வசதி’ என்பதும் கன்னடத்தில் ‘பசதி’ என்று மாறிச் சமணக் கோயிலைக் குறிக்கிறது. ஆகவே இந்த ஒலிமாற்றம் பழங்காலத்தில் வந்து சேர்ந்த கடன்சொற்களையும் விட்டுவைக்கவில்லை. சொல் அங்கே பழமையானது என்பதை மட்டுமே இது காட்டும். யாருடையது என்பதைக் காட்டாது.

என் கணிப்பையும் சொல்லிவிடுகிறேன். ‘வட்டம்’ என்ற வடிவத்துக்குப் பிராகிருத வழியே சற்று உறுதியாக நிற்கிறது. ஆனால் சிறுவர் விளையாட்டுக் காய்க்கும் வீட்டுக் கூடைக்கும் பெயராகி, சங்கப் பாடல்களிலேயே வேரூன்றிவிட்ட வட்டு, வட்டி என்ற சொற்களுக்குத் தமிழ் வழியைத் தள்ளிவிடுவது சரியன்று. ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய இரு சொற்கள் ஒரே மொழியில் சந்தித்துக் கலந்துபோவது உலக மொழிகளில் புதிதன்று; இங்கும் அப்படி நடந்திருக்க இடமுண்டு.

ஏழாம் படி: குறிப்பை எழுதும் முறை

உங்கள் முடிவை எழுதும்போது சான்று, விளக்கம், கணிப்பு ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். ‘நற்றிணை 3இல் நெல்லிக்காய் வட்டாகப் பயன்பட்டது’ என்பது சான்று. ‘ஆகவே வட்டு உருண்டைப் பொருளையும் குறித்தது’ என்பது விளக்கம். ‘வட்டு என்பது வள் என்ற வேரிலிருந்து வந்திருக்கலாம்’ என்பது கணிப்பு. கணிப்பு நாளை மாறினாலும் முதல் இரண்டு வரிகளை அழிக்க வேண்டிய தேவை வராதபடி எழுதப்பட்ட குறிப்பே நல்ல குறிப்பு.

பாடல் எண்ணை எழுதாமல் ‘சங்க இலக்கியத்தில் வருகிறது’ என்று பொதுவாக எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து உங்களாலேயே அந்த வரியைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பதிப்பின் பாடம் மற்றொரு பதிப்பில் வேறுபடுமானால் அதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இந்த ஏழு படிகளையும் வட்டத்துக்குச் செய்து முடித்த பிறகு, அடுத்து ‘ஆழி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். சக்கரமும் அதுவே, கணையாழி என்னும்போது விரல் மோதிரமும் அதுவே, கடலும் அதுவே. இவை மூன்றும் ஒரே சொல்லின் கிளைகளா, அல்லது ஆழத்தைக் குறிக்கும் ஒரு சொல்லும் உருட்சியைக் குறிக்கும் ஒரு சொல்லும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கும் முதலில் ஒரு மோதிரத்தை எடுத்து நாணயத்தின் பக்கத்தில் வையுங்கள்.